கம்பியின் நீளம்

— பச்சைன்னா பச்சைதான்னு சொல்றியா, மாப்ள?

— ஸ்கிரீன் அதைத்தான் சொல்லுது, மச்சான்.

— ஸ்கிரீனை விடு. நான் உன்னைக் கேக்குறேன். அந்த மலை அசையுதா, அசையலையா?

— அசையலை. விரிசலை ரெண்டு முனையிலயும் அளக்குறோம். சராசரி பூஜ்யம். நீ முதல்ல உக்காரு. நனைஞ்சிருக்க.

— உக்கார வரலை. போன்லயே சொல்லியிருப்பேன், நீதான் காலையில இருந்து எடுக்க மாட்டேங்குற. அவ்வளவு தூரம் மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்குறார். ‘சர்வர் ரூம், வெளியாளுக்கு அனுமதி இல்ல’ங்குறார். நான் வெளியாளாடா? இந்த சர்வருக்குப் பாதி டேட்டா குடுக்குறதே எங்க ஆபீஸ்தான்.

— இந்த ரூம்ல செல் எடுக்காது. தண்ணி சொட்டுது, அந்த மெஷின் பக்கம் போகாத.

— உன் மெஷினை நான் ஒண்ணும் பண்ணலை. ஏன்டா இப்படிக் குளுருது இங்க? மனுஷன் இருக்கிற இடமா இது? மேஜைக்குக் கீழ என்ன, பாயா?

— முதுகு வலிச்சா படுப்பேன்.

— வீட்டுப் பக்கம் வந்து எத்தனை மாசம் ஆச்சு? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. சரி, அதுக்கு வரலை நான். இதைப் பாரு. இது என் கம்பி மட்டும். விரிசலோட இடது முனை. மழை ஆரம்பிச்சதுல இருந்து எப்படி ஏறுது பாரு.

— தெரியுது.

— தெரியுதா? தெரிஞ்சுமா பச்சை?

— ஒரு கம்பியை வெச்சு சிவப்பு வராது. ரெண்டும் ஒத்துப்போகணும். அந்த விதியைக் கேட்டு வாங்கினது நீ.

— வாங்கினேன், இல்லைங்கலை. ரெண்டு தடவை நான் கத்தி, ரோட்டை மூட வெச்சு, ஒரு கூழாங்கல்லுகூட விழலை. ரெண்டாவது தடவை ஏதோ ஒரு மாடு கம்பியில முதுகைச் சொறிஞ்சிருக்கு. அதோட நான் மாட்டு சார். ரோடு ஆபீஸ்ல பியூன்கூட அப்படித்தான் கூப்பிடுறார். அதனாலதான் தனி ஆள் பேச்சே வேண்டாம், எல்லாரோட அளவும் ஒரே இடத்துல சேரட்டும், அது சொல்லட்டும்னு முதல் கையெழுத்துப் போட்டேன். 

— அப்புறம் என்ன?

— அப்புறம் என்னவா? வலது முனையில இருக்கிற கம்பி என்ன சொல்லுது?

— இறங்குது.

— யாரோட கம்பி அது?

— உனக்குத் தெரியும்.

— வாயைத் திறந்து சொல்லேன்.

— அவளோடது.

— என் தங்கச்சியோடது. உன் பொண்டாட்டியோடது. ஒரே விரிசல், மாப்ள. இடது பக்கம் திறக்குது, வலது பக்கம் மூடுதா? மலை என்ன, கத்தரிக்கோலா?

— பாறை திருகிக்கலாம். அப்படி நடக்கிறது உண்டு.

— இவ்வளவு கச்சிதமாவா? நான் ஏறுற அளவுக்கு அவ இறங்குறா. அப்படியே அச்செடுத்த மாதிரி. ரெண்டையும் சேர்த்தா பூஜ்யம், ஸ்கிரீன் பச்சை. காலையில பல்லு விளக்கும்போதுதான் எனக்குச் சுரீர்னு பட்டுச்சு. நேரா அவ டிபார்ட்மெண்டுக்குப் போனேன்.

— எதுக்கு?

— மலையில மாட்டியிருக்கிற மாதிரியே இன்னொரு டிரம் அங்க அலமாரியில இருக்கு. உனக்குப் புரியுற மாதிரியே சொல்றேன், நீ மலை ஏறினவன் இல்ல. விரிசலுக்கு இந்தப் பக்கம் டிரம், அந்தப் பக்கம் பாறையில ஆணி. டிரம்ல சுத்தின கம்பியை இழுத்து ஆணியில கட்டியிருக்கு. விரிசல் திறந்தா கம்பி டிரம்ல இருந்து வெளிய வரும். நாங்க எழுதுறது வெளிய வந்த கம்பியோட நீளம். திறக்கத் திறக்க ஏறும்.

— ம்.

— அவ டிரம்மை மேஜை மேல வெச்சு நான் கம்பியைப் பிடிச்சு இழுத்தேன். இழுக்க இழுக்க எண் குறையுதுடா.

— குறையுதா?

— குறையுது. அவ எழுதினது டிரம்ல மிச்சம் இருக்கிற கம்பி. மேல ஏறிக் கம்பி மாத்துறது அவதானே? தீந்துபோயிடுமோன்னு அவளுக்கு அதே நினைப்பு. அதான் மிச்சத்தைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. நான் போனதை எண்ணுறேன், அவ இருக்கிறதை எண்ணுறா. உன் தளத்துல ரெண்டுக்கும் என்ன தலைப்பு?

— ‘நீளம்.’

— நீளம். எதோட நீளம்னு எங்கயாவது எழுதியிருக்கா?

— இல்ல. தலைப்பு ஒண்ணா இருந்துச்சு. மெஷின் சேர்த்துடுச்சு.

— சேர்த்துடுச்சு. அவ்வளவுதான். நல்லா சேர்த்துச்சு.

— அந்தச் சொல் பட்டியலுக்காக கமிட்டி எத்தனை தடவை உக்காந்துச்சு.

— நானும்தானே இருந்தேன்? கடல்காரங்களுக்குக் கீழ போனா கூட்டல். மலைக்காரங்களுக்கு மேல போனா கூட்டல். நிலநடுக்கக்காரங்க கடிகாரமே வேற. ‘ஆழம்’னா எங்க இருந்து ஆழம்னு ஒரு நாள் பூரா அடிச்சுக்கிட்டோம். அந்தக் கடல் அம்மா பையைத் தூக்கிக்கிட்டு வெளிநடப்பே பண்ணினாங்க. ‘நீளம்’ வந்தப்போ சாப்பாட்டு நேரம். நீளத்துல என்ன சந்தேகம்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டோம்.

— ஆமா.

— சரி, ஆனது ஆச்சு. இப்போ அவளோடதைத் திருப்பிப் போடு.

— முடியாது.

— என்னது?

— ஒரு அளவோட அர்த்தத்தை மாத்துற உரிமை அந்த ஸ்டேஷனோட பொறுப்பாளருக்கு மட்டும்தான்.

— பொறுப்பாளர் யாரு?

— உன்னோடதை நீ திருப்பிப் பாக்கலாமே.

— வர்றதுக்கு முன்னாடி பரிசோதனைத் தளத்துல பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு கம்பியும் இறங்குது. மலை தானா மூடிக்குதுன்னு காட்டுது. இன்னும் பச்சைப் பசேல்னு இருக்கு. பேச்சை மாத்தாத. பொறுப்பாளர் யாரு, மாப்ள?

— அவதான்.

— இன்னுமா?

— இன்னும்தான்.

— அடப்பாவி. வருஷம் திரும்பப் போகுதேடா.

— ஸ்டேஷன் தானா அனுப்புது. சோலார். டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒருத்தர் எப்பவாவது போய்க் கம்பி மட்டும் மாத்துவார். வேற எதுக்கும் ஆள் தேவைப்படலை.

— அவங்க வேற பேரு குடுக்கலையா?

— மெயில் அனுப்பினாங்க. நான் பதில் போடலை.

— ஏன்?

— போடலை.

— சரி, நான் அதை நோண்டலை. இப்போ தேவைப்படுது. பேரை எடு.

— கொஞ்சம் இரு. நமக்கு வேண்டியது மலையடி ரோட்டுல வேலை செய்யுற ஆளுங்க கீழ இறங்கணும். அவ்வளவுதானே? ரோடு என்ஜினியர் சொன்னாப் போதும்.

— வழியெல்லாம் அவர்கிட்டதான் பேசிக்கிட்டு வந்தேன். ‘என்ன சார், இன்னைக்கும் மாடா’ங்குறார்.

— எவ்வளவு பேர் இருக்காங்க?

— சுவர் கட்டுற ஆளுங்க மொத்தமும். போன வருஷம் சரிஞ்ச இடத்துக்கு நேர் கீழதான் சுவர். அப்போ சரிஞ்சது கீழ்ப்பாதிதான், மேல விரிசல் அப்படியே நிக்குது. இன்னைக்குப் பாத்து கான்கிரீட் போடுறாங்க. போட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த மாட்டாங்க.

— நான் பேசுறேன். என்மேல அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. லேண்ட்லைன்ல ஸ்பீக்கர் போடுறேன்.

— போடு, போடு.

— ஹலோ. சார், டேட்டா சென்டர்ல இருந்து பேசுறேன்.

— யாரு, தம்பியா? சொல்லுங்க தம்பி. சத்தமா சொல்லுங்க, மிக்சர் ஓடுது. மழை வேற கொட்டுது.

— சார், ஆளுங்களைக் கொஞ்ச நேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைக்க முடியுமா?

— ஏன் தம்பி? என் போன்ல பச்சையாத்தானே இருக்கு? இப்போகூடப் பாத்தேன்.

— அந்தப் பச்சையில ஒரு சந்தேகம், சார்.

— சந்தேகம்னா எப்படி தம்பி? பாருங்க, எனக்கு மேல இருந்து எழுத்துல உத்தரவு. சிவப்பு வந்தா நிறுத்து, வரலைன்னா நிறுத்தாத. நான் கண்ணால பாத்தோ காதால கேட்டோ முடிவு பண்ணக் கூடாதாம். அதுக்குத்தான் உங்க ஸ்கிரீனாம். என்ன நான் சொல்றது? பக்கத்துல யாரு, மாட்டு சார் இருக்காரா?

— இருக்கேன் சார். மாடுதான் பேசுது. தயவுசெஞ்சு இறங்குங்க.

— கோவிச்சுக்காதீங்க சார். பாதி கான்கிரீட் போட்டாச்சு. இப்போ விட்டா சுவர்ல ஜாயிண்ட் விழும். நாளைக்குக் கான்ட்ராக்டர் என் கழுத்துலதான் துண்டைப் போடுவார். சிவப்பைக் காட்டுங்க, அடுத்த நிமிஷம் விசில் ஊதுறேன். நானும் இங்க சுவருக்குக் கீழதான் நிக்கிறேன். எனக்கு மட்டும் உயிர் கசக்குதா? என்ன நான் சொல்றது?

— லைன்லயே இருங்க, சார்.

— இருக்கேன் தம்பி. பாக்கெட்ல போட்டுக்குறேன், கூப்பிடுங்க.

— கேட்டியா, மாப்ள?

— கேட்டேன்.

— அப்புறம் என்னடா யோசனை? நீதானே இதைக் கட்டினவன்? உன் கையிலதானே சாவி?

— கட்டினவன்ங்குறதாலதான். என் இஷ்டத்துக்கு ஒருத்தரோட எண்ணைத் திருப்பினா நாளைக்கு ஒருத்தரும் டேட்டா தர மாட்டாங்க. நதிக்காரங்களை உள்ள கொண்டுவர எவ்வளவு கெஞ்சினோம்னு உனக்குத் தெரியும். ‘உங்க எண்ணை உங்களைத் தவிர யாரும் தொட மாட்டாங்க’ன்னு சொல்லித்தான் வாங்கினோம்.

— விதிப்படியே போ, யார் வேண்டாம்னது? பொறுப்பாளரை மாத்துறது விதியில இருக்கா இல்லையா?

— இருக்கு.

— உனக்கு அந்த உரிமை இருக்கா இல்லையா?

— இருக்கு.

— திற அந்தப் பக்கத்தை.

— திறந்தாச்சு.

— தள்ளு, நான் படிக்கிறேன். ‘பொறுப்பாளர் விடுவிப்பு. காரணத்தைத் தேர்வு செய்க.’ ஓய்வு. இடமாற்றம். பணி விலகல். இதர. அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— செத்துப் போயிட்டா?

— அது இல்ல.

— ஏன்டா இல்ல? உலகத்துல யாரும் சாகுறதே இல்லையா?

— நான் போட்டிருந்தேன். பட்டியலைப் படிச்சுக் காட்டினப்போ கமிட்டியில யாரோ அபசகுனமா இருக்கு, எடுத்துடுங்கன்னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க.

— எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க! மலை எப்போ விழும், பூமி எப்போ ஆடும்னு கணக்குப் போடுறவங்க! நானும் தலையாட்டினேனா?

— நீயும்தான். அவளும்தான். அவ சிரிச்சா.

— சிரிச்சிருப்பா. அவளுக்கு எதுக்குத்தான் சிரிப்பு வராது.

— எதைப் போட, மச்சான்? ஓய்வா?

— மாப்ள.

— இடமாற்றமா?

— டேய், மாப்ள. ‘இதர’ன்னு போடு.

— என் பொண்டாட்டி ‘இதர’வா?

— எனக்கும் தங்கச்சிடா அவ! நீ மட்டும் கட்டிப் பொத்தி வெச்சுக்க அவ ஒண்ணும் உனக்கு மட்டும் சொந்தம் இல்ல. காலேஜ்ல ஒரே பெஞ்ச்ல உக்காந்தவன்னு நம்பித்தானே உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்? வீட்டுல அம்மா அவ துணியை இன்னும் துவைச்சு மடிச்சு வெக்கிறாங்க. போடாத துணியை எதுக்கும்மா துவைக்கிறீங்கன்னு நான் கேக்கிறதில்ல. அது யாரையும் கொல்லாது. இது கொல்லும்.

— தெரியும்.

— வாராவாரம் இந்த சர்வர் அவளுக்கு ‘உங்கள் ஸ்டேஷன் நலம்’னு மெயில் அனுப்புதுல்ல? நீ அதை நிறுத்த மனசு இல்லாம இருக்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? யார் படிக்கிறா அதை?

— யாரும் படிக்கிறதில்ல.

— அப்போ போடு.

— போட்டுட்டேன்.

— எப்போ?

— நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே.

— சரி. சரி, மாப்ள. நல்லது. புதுப் பொறுப்பாளர்?

— என் பேரு.

— உன் பேரே இருக்கட்டும். இப்போ ‘நீளம்’ திறக்குதா?

— திறக்குது. ‘டிரம்மில் மிச்சமுள்ள கம்பி.’ எழுதிட்டேன்.

— சேமி.

— ஒரு கேள்வி கேக்குது.

— இன்னும் என்னடா கேள்வி?

— ‘இன்று முதலா, ஆரம்பம் முதலா?’

— ஆரம்பம் முதல். இதுல கேக்க என்ன இருக்கு?

— இன்னைக்கு முதல் போதும்.

— எப்படிப் போதும்? இன்னைக்கு வரைக்கும் ஒரு அர்த்தம், இன்னைல இருந்து வேற அர்த்தம்னா கோடு நடுவுல ஒடிஞ்சு நிக்கும். பழைய ஓட்டத்தோட ஒப்பிட்டுப் பாத்துதான் சிவப்பு குடுக்கும்னு நீதானே அமைச்ச?

— கடைசி சில நாளுக்கு மட்டும் திருப்புற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதுறேன். கொஞ்சம் நேரம் குடு.

— நேரமா? மேல மழை கொட்டுது, கீழ ஆளுங்க கான்கிரீட்ல நிக்கிறாங்க, உனக்கு நேரம் வேணுமா? ஏன்டா சுத்தி வளைக்கிற? ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான்னு மேஜையைத் தட்டினவன் நீ. அவ முதல் நாள்ல இருந்தே மிச்சத்தைத்தான் எழுதினா. முதல் நாள்ல இருந்தே திருப்பு.

— அப்படின்னா நீ வெளிய போ.

— என்னது?

— வராண்டாவுல காபி மெஷின் இருக்கு. ஒரு காபி குடி. முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்.

— விளையாடுறியா? சிவப்பை என் கண்ணால பாக்காம நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் நீ மறுபடியும் யோசிக்க ஆரம்பிச்சுடுவ.

— மாட்டேன்.

— உன்னை நான் நேத்தா பாக்குறேன்?

— அவளோட ஸ்டேஷன், மச்சான். தனியா செய்யணும்போல இருக்கு.

— அழணும்னா என் முன்னாடி அழு. அன்னைக்குத்தான் மரம் மாதிரி நின்ன. இன்னைக்காவது அழு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், திரும்பி நின்னுக்குறேன். ஆனா போக மாட்டேன்.

— அழுகை வரலை. நீ போ, போதும்.

— தம்பி? ஹலோ, தம்பி, இருக்கீங்களா?

— சொல்லுங்க சார்.

— ஒண்ணுமில்ல. மேல இருந்து சின்னச் சின்னதா கல்லு வருது. மழைன்னா வர்றதுதான். ஆனா விட்டு விட்டு வரும், இன்னைக்கு நிக்காம வருது. போன்ல இன்னும் பச்சைதான். சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.

— மாப்ள!

— ‘ஆரம்பம் முதல்.’ போட்டுட்டேன்.

— என்ன இது, சுத்திக்கிட்டே இருக்கு?

— எல்லாத்தையும் மறுபடி கணக்குப் போடுது. முதல் நாள்ல இருந்து வரணும்.

— சீக்கிரம் வரச் சொல்லேன்டா!

— சொன்னா கேக்காது.

— சார், விசிலை வாயில வெச்சுக்கோங்க. இதோ வருது. மாடு சொல்லலை சார், ஸ்கிரீன் சொல்லப் போகுது.

— சொல்லட்டும் சார், சொல்லட்டும். டேய், அந்த சென்ட்ரிங் பலகைக்கு அடியில நிக்கிறது யாரு? வெளிய வா, சும்மா வா, சொன்னா கேளு.

— எங்க வந்திருக்கு?

— பாதி.

— இப்போ?

— மச்சான், இந்த ஸ்கிரீனைப் பாக்காத. அவர் போனுக்குத் தானா போயிடும். அவர்கிட்டயே கேட்டுக்கலாம்.

— வந்துருச்சு! சிவப்பு! சார், போனைப் பாருங்க!

— வந்துடுச்சு தம்பி! மிக்சரை நிறுத்து! டேய், எல்லாரும் பாலத்துக்கு ஓடுங்க! சட்டியைப் போடு, அப்படியே போடு! சாமான் கிடக்கட்டும், ஓடு! 

— ஊதுறார் கேளு, மாப்ள. ஊதுறார். அப்பாடா. இன்னைக்குத்தான்டா நீ கட்டினது ஒரு வேலை செஞ்சிருக்கு.

— ம். ஸ்கிரீனை அணைக்கிறேன்.

— ஏன் அணைக்கிற? ஆளுங்க தாண்டுற வரைக்கும் இருக்கட்டும். எவ்வளவு செங்குத்தா ஏறியிருக்கு பாரு. ரெண்டு கம்பியும் கை கோத்துக்கிட்டுப் போகுது. இது என்ன, பின்னாடியும் ஒரு சிவப்பு இருக்கு?

— பழசு.

— எவ்வளவு பழசு? இன்னைக்கு வந்ததைவிடப் பட்டையா இருக்கே. எந்த மாசம் இது?

— விடு, மச்சான்.

— கையை எடு. தேதி மறைக்குது.

— விடுன்னா விடேன்.

— கையை எடுடா.

— சரி. பாரு.

— அவ செத்த வாரம்.

— ஆமா.

— அவளைக் கொண்டுபோன சரிவுக்கு ‘எந்த முன்னறிகுறியும் இல்லை’ன்னுதானே அறிக்கை எழுதினாங்க? நானும்தானே படிச்சேன்? இங்க அவ ஏறுறதுக்கு முன்னாடி நாளே சிவப்பா கிடக்குது.

— ஆமா.

— இந்த ஸ்கிரீனோட சோதனை ஓட்டம் அப்போ ஓடிக்கிட்டு இருந்துச்சு.

— இருந்துச்சு.

— அடிவாரத்துல இருந்து எனக்குத்தான் போன் பண்ணினா. ‘அண்ணா, டிரம்ல கம்பி ரொம்பக் குறைஞ்சுபோச்சு, மாத்தணும், மேல போகலாமா’ன்னு கேட்டா. கம்பி குறைஞ்சுபோச்சுன்னு சொன்னாடா. வாயைத் திறந்து அதையேதான் சொன்னா. நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். மேஜைக்குக் கீழ செல்லை வெச்சு இந்த ஸ்கிரீனைப் பாத்தேன். ‘பச்சைதான், போயிட்டு வா’ன்னேன்.

— தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அடுத்து எனக்குப் போன் பண்ணினா. ‘அண்ணன் பச்சைன்னுட்டான், ஏறப் போறேன்’னா.

— என்கிட்ட நீ ஒரு நாளும் சொன்னதில்ல.

— சொல்ல என்ன இருந்துச்சு? பச்சைதானே? இன்னைக்கு நீ டிரம் கதையைச் சொல்ற வரைக்கும் அது பச்சைதான்.

— அதுக்குத்தான் இன்னைக்கு முதல் போதும்னியா? அவ பேருக்காகன்னு நான்...

— பேரை எடுத்துட்டேனே.

— என்னை வெளிய போகச் சொன்னது இதுக்கா?

— உக்காரு, மச்சான். நாற்காலி பின்னாடி இருக்கு.

— இதை யார் யார் பாக்கலாம்?

— பொதுத் தளம். யார் வேணா பாக்கலாம்.

— அம்மா?

— அம்மா இதெல்லாம் பாக்க மாட்டாங்க.

— தம்பி, எல்லாரும் தாண்டியாச்சு. தலையை எண்ணிட்டேன், ரெண்டு தடவை எண்ணிட்டேன். இங்க ஒண்ணு நடக்குது தம்பி, எப்படிச் சொல்ல. மேல ஒரு பெரிய மரம், நின்னபடியே கீழ வருது. சாயவே இல்ல. மனுஷன் இறங்கி வர்ற மாதிரி வருது. சுவர்கிட்ட வந்துடுச்சு. இப்போ சுவர் எங்கன்னு தெரியலை.

— நீங்க எங்க இருக்கீங்க சார்?

— பாலத்துல. உக்காந்துட்டேன். தம்பி, ஒண்ணு கேக்கலாமா? கேக்கக் கூடாதுதான்.

— கேளுங்க சார்.

— உங்க வீட்டம்மா போன அன்னைக்கு மேல ஏறுற கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். ‘பாத்துப் போங்கம்மா’ன்னு சொல்லித் திறந்துவிட்டேன். அப்பவும் உங்க ஸ்கிரீன் என் போன்ல இருந்துச்சு, ஆனா எனக்கு அப்போ பாக்கத் தெரியாது. இன்னைக்கு இந்தச் சிவப்பைப் பாத்ததும் மனசு கேக்கலை. அன்னைக்கும் ஏதாவது காட்டி, நான்தான் பாக்காம விட்டுட்டேனா? மாட்டு சாரும் பக்கத்துல இருக்கார்ல? ரெண்டு பேர்ல யாராவது உண்மையைச் சொல்லுங்க.

— இல்ல சார். அன்னைக்கு எல்லாருக்கும் பச்சைதான்.